டெண்டுல்கர்: நாடகக்காரர் சினிமாவுக்குப் போனாரா, நாடகத்தையும் கூட்டிக்கொண்டு போனாரா?

மூணாம்வரிசை:

மராத்தி நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கரைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் நாடகங்களின் வரிசை மாறுவதே இல்லை. முதலில் 'ஷாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே', அப்புறம் 'சகாராம் பைண்டர்', அப்புறம் 'காஷிராம் கோத்வால்', கடைசியில் போகிற போக்கில் "சினிமாவுக்கும் எழுதியிருக்கிறார், இரண்டு நாவல்களும் உண்டு" என்று அரை வரி. அந்த அரை வரிக்குள் என்னென்ன கிடக்கிறது என்று பாருங்கள். 'சாம்னா', 'நிஷாந்த்', 'மந்தன்', 'சிம்ஹாசன்', 'ஆக்ரோஷ்', 'உம்பர்த்தா', 'அர்த் சத்யா'. எல்லாம் எழுபதுகளின் நடுவிலிருந்து 1983க்குள். இதில் ஏதாவது இரண்டை மட்டும் எழுதியிருந்தாலே அவர் பெயரை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்போம்.

(சச்சினுக்கு என்ன உறவு என்று கேட்க வருகிறவர்களுக்கு: சச்சினின் அப்பா ரமேஷ் டெண்டுல்கரும் மராத்தியில் எழுதியவர்தான். அவர் வேறு, இவர் வேறு. இழையைக் கிரிக்கெட் பக்கம் இழுக்காதீர்கள்.)

என் கேள்வி இதுதான். அந்த இந்திப் படங்களின் டைட்டிலைக் கவனியுங்கள். 'நிஷாந்த்' வசனம் சத்யதேவ் துபே. 'மந்தன்' வசனம் கைஃபி ஆஸ்மி. 'அர்த் சத்யா' வசனம் வசந்த் தேவ். டெண்டுல்கர் பெயர் திரைக்கதைக்கு மட்டும். நாடகக்காரர் என்றாலே பேச்சுதான் என்று நினைக்கிறோம், அந்தப் பேச்சையே வேறொருவர் எழுதிய பிறகும் இது அவர் எழுத்து என்று தெரிகிறதென்றால் மிச்சம் இருப்பது எது? எனக்கு ஒரு பதில் இருக்கிறது, முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

ராஜி_உறையூர்:

டைட்டிலில் பேரைப் பார்த்துவிட்டதால் தெரிகிறது, வேறென்ன. 'நிஷாந்த்' என்றால் ஷ்யாம் பெனகல் படம், 'ஆக்ரோஷ்' என்றால் கோவிந்த் நிஹலானி படம். சினிமாவில் எழுத்தாளன் கொடுப்பது மாவு, சுடுவது டைரக்டர். நாடகம் அப்படி இல்லை, ஐம்பது வருஷம் கழித்து எந்த ஊரில் எந்தக் கல்லூரிப் பிள்ளைகள் எடுத்துப் போட்டாலும் அது டெண்டுல்கர்தான்.

'கோர்ட் சாலூ'வில் நீதிபதி வேஷம் போடுகிற காஷிகர் காது குடைந்துகொண்டே இருப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பொம்பளையின் மானம் போய்க்கொண்டிருக்கிறது, இந்த மனுஷர் குச்சியைக் காதில் விட்டுக் கண்ணை மூடிச் சுகப்படுகிறார். இத்தனைக்கும் அது விளையாட்டு வழக்கு. அமெச்சூர் நாடகக் கோஷ்டி ஒரு கிராமத்துக்கு வந்திருக்கிறது, ராத்திரி நாடகத்துக்கு நேரம் இருக்கிறது, பொழுது போகச் சும்மா ஒரு கேஸ் நடத்துவோம் என்று ஆரம்பிக்கிறார்கள். லீலா பேணாரே டீச்சரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள், சிரித்துக்கொண்டே. சிசுக்கொலைக் குற்றச்சாட்டு. கொஞ்சம் கொஞ்சமாக அவள் நிஜ வாழ்க்கை உள்ளே வந்துவிடுகிறது, அவள் வயிற்றில் குழந்தை, காரணமான பேராசிரியர் தாம்லே அன்றைக்கு வரவே இல்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போகப் பார்க்கிறாள், தாழ் மாட்டிக்கொள்கிறது. எந்தப் படத்தில் இந்த அளவுக்கு இருக்கிறது, சொல்லுங்கள்.

புனேவாசி:

நான் இங்கே வேலைக்கு வந்து மராத்தி கற்றுக்கொண்டவன், அதனால் ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன். இந்திப் படங்களை மட்டும் வைத்துப் பேசுவது பாதிக் கணக்கு. மராத்திப் படங்களில் வசனமும் அவருடையதுதான், ராஜி கேட்கிற அளவு அங்கே இருக்கிறது.

'சாம்னா' பாருங்கள். ஜப்பார் படேலின் முதல் படம், 1975 பெர்லின் விழாவுக்குப் போனது. சர்க்கரை ஆலைக் கூட்டுறவின் மூலம் ஒரு வட்டாரத்தையே கைக்குள் வைத்திருக்கும் ஹிந்துராவ், அது நீளூ ஃபுலே. அந்த ஊருக்குத் தற்செயலாக வந்து சேரும் ஒரு குடிகார மாஸ்டர், ஒரு காலத்தில் காந்திய வழியில் நின்றவர், அது ஸ்ரீராம் லாகூ. ஹிந்துராவ் இவரை விரட்டவில்லை, அடிக்கவில்லை. வீட்டில் வைத்துச் சோறு போடுகிறார், சாராயம் வாங்கித் தருகிறார். மாஸ்டர் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்வி: "மாருதி காம்ப்ளேவுக்கு என்ன ஆச்சு?" காணாமல் போன ஓர் ஆள். அவ்வளவுதான் படம். அந்தக் கேள்வி மகாராஷ்டிராவில் சொலவடையாகவே ஆகிவிட்டது, ஏதாவது ஊழல் வழக்கு ஊறப்போட்டிருந்தால் இன்றைக்கும் யாராவது பத்தியில் எழுதுவார்கள்.

படத்தின் உயிர் முழுக்க இரண்டு பேர் ஒரு அறைக்குள் உட்கார்ந்து பேசுவதில். யார் கை ஓங்கியிருக்கிறது என்பது ஒவ்வொரு வரிக்கும் மாறும். இது நாடகம் இல்லாமல் வேறென்ன?

மூணாம்வரிசை:

புனேவாசி என் பதிலைப் பாதி சொல்லிவிட்டார். "யார் கை ஓங்கியிருக்கிறது" என்பதுதான். டெண்டுல்கரிடம் கதை என்று தனியாக ஒன்றும் கிடையாது, ஒரு அறை, அதற்குள் பலம் கொஞ்சம் கூடுதலாக உள்ளவன், பலம் இல்லாதவன், அவர்களுக்கு நடுவில் என்ன நடக்கும் என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்ப எழுதினார். வசனத்தை துபே எழுதினால் என்ன, கைஃபி எழுதினால் என்ன, யார் எப்போது உள்ளே வருகிறான், யார் வாயை மூடுகிறான் என்பதை முடிவு செய்தவர் இவர்.

அதிலும் 'ஆக்ரோஷ்'. பேச்சுக்குப் பேர்போன நாடகக்காரர் ஒருவர் எழுதிய படத்தில் நாயகன் படம் முழுக்க வாயே திறப்பதில்லை. லஹான்யா பீகூ, ஆதிவாசிக் கூலி, மனைவியைக் கொன்றதாகக் கைது. இளம் வக்கீல் நஸீருத்தீன் ஷா எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்க்கிறார், ஓம் புரி அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறார், முகத்தில் ஒரு தசை அசையாது. கடைசியில் அப்பாவின் சிதைக்குக் கொள்ளி வைக்க விலங்கோடு கூட்டிவருகிறார்கள். அங்கே கோடரியை எடுத்துச் சொந்தத் தங்கையை வெட்டுகிறான், மனைவிக்கு நடந்த பலாத்காரமும் கொலையும் அவளுக்கும் நடக்கக் கூடாது என்று. அதற்குப் பிறகுதான் அந்தக் கத்தல்.

பேணாரேவை நினைத்துப் பாருங்கள். வழக்கு நடக்கிறது, எல்லாரும் பேசுகிறார்கள், குற்றம் சாட்டப்பட்டவளுக்கு மட்டும் பேச்சு கிடையாது. கடைசியில் அவள் நீளமாகப் பேசுகிறாளே, அதுகூடச் சுற்றி இருப்பவர்கள் காதில் விழுவதில்லை. 1967 நாடகமும் 1980 படமும் ஒரே கோர்ட்தான்.

கறுப்புக்கோட்டு:

கோர்ட் என்றதும் எட்டிப் பார்த்தேன். மேலே சொன்னதில் ஒரு அலங்காரம் அதிகம். 'ஆக்ரோஷ்' வழக்கு நிஜ வழக்குப் போலவே நடக்கிறது, அரசு வக்கீல் அம்ரீஷ் புரியும் ஆதிவாசிதான், அவருக்கே ராத்திரியில் மிரட்டல் போன் வருகிறது. அமைப்புக்குள் மேலே ஏறியவனுக்கும் நிம்மதி இல்லை என்பது 'கோர்ட் சாலூ'வில் கிடையாது. அது இவர் பின்னாளில் கற்றுக்கொண்டது.

எங்கே கற்றார் என்பதற்கு என் ஊகம்: 1973 வாக்கில் அவருக்கு நேரு ஃபெலோஷிப் கிடைத்தது, இந்தியாவில் பெருகிவரும் வன்முறையைப் பற்றி ஆராய. ஊர் ஊராகப் போனார். பெரிய படங்கள் எல்லாம் அந்தச் சமயத்திலும் அதற்குப் பிறகும் வந்தவை. அதற்கு முந்தைய நாடகங்களில் வன்முறை நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குள்ளே இருக்கிறது, அண்ணன் தம்பி, புருஷன் பெண்டாட்டி. படங்களில் நிலம், ஜமீன், போலீஸ், கூட்டுறவுச் சங்கம் என்று வெளியே வந்துவிடுகிறது. அதனால் படங்களை நாடகத்தின் வால் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. இளவயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர், அப்புறம் பத்திரிகையாளர். அந்தப் பத்திரிகைக்காரப் புத்திக்கு வேலை கொடுத்தது சினிமாதான்.

இன்னொன்று. 'சகாராம் பைண்டர்' தணிக்கை வழக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே? 1972. கமலாகர் சாரங் டைரக்ஷன், சகாராம் நீளூ ஃபுலே, சம்பா லாலன் சாரங். மகாராஷ்டிராவில் நாடகத்துக்கும் தணிக்கை வாரியம் உண்டு. கொஞ்ச காட்சிகளிலேயே தடை விழுந்தது, சாரங் பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். அந்தக் கதையைத் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

ராஜி_உறையூர்:

சகாராமை இழுத்தது நல்லதாகப் போயிற்று. புத்தகம் தைக்கிற தொழிலாளி, புருஷன் துரத்திவிட்ட பெண்களை வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறான், கல்யாணம் என்கிற பேச்சே கிடையாது, ஒப்பந்தம் மாதிரி, பிடிக்கவில்லையென்றால் ஒரு புடவையும் டிக்கெட் காசும் கொடுத்து அனுப்பிவிடுவான். முரடன். ஆனால் ராத்திரி உட்கார்ந்து மிருதங்கம் வாசிப்பான். வந்த லக்ஷ்மி எறும்போடு பேசுகிறவள், பக்தி, பூஜை, விரதம். அடுத்து வருகிற சம்பா குடிக்கிறாள், எதிர்த்துப் பேசுகிறாள். கடைசியில் கொலைக்குத் தூண்டிவிடுவது யார்? அந்த எறும்போடு பேசுகிற லக்ஷ்மி. சம்பாவைக் குழி தோண்டிப் புதைப்பதும் அவள் முனைப்பில்தான்.

பலம் உள்ளவன் இல்லாதவன் என்று மூணாம்வரிசை எளிதாகப் பிரித்தாரே, லக்ஷ்மியை எந்தப் பக்கம் வைப்பார்? இந்தச் சிக்கல் படங்களில் இல்லை. 'நிஷாந்த்'தில் வாத்தியார் மனைவியைத் தூக்கிக்கொண்டு போகிற ஜமீன்தார் வீடு கெட்டது, வாத்தியார் பாவம், ஊர் பொங்கி எழுகிறது, சுபம்.

கறுப்புக்கோட்டு:

சுபமா? எந்தப் படத்தைப் பார்த்தீர்கள்? ஊர் பொங்கி எழுந்து ஜமீன்தார்களை மட்டுமா அடிக்கிறது? அந்த வீட்டு மருமகள் ருக்மிணி, ஒரு பாவமும் அறியாதவள், அவளையும் சேர்த்துத்தான். எந்த வாத்தியார் மனைவிக்காக ஊரைத் திரட்டினாரோ அந்த மனைவியும் பிழைப்பதில்லை. தெலங்கானா விவசாயிகள் எழுச்சிக் காலத்துக் கதையை எடுத்துக்கொண்டு, கூட்டம் கையில் கத்தி எடுத்தால் கணக்குப் பார்க்காது என்று முடித்ததால் இடதுசாரி நண்பர்களுக்கே அன்றைக்கு நெருடலாக இருந்திருக்கும். அந்த முடிவில்தான் எனக்கு 'சகாராம்' தெரிகிறது.

மூணாம்வரிசை:

கறுப்புக்கோட்டு என் வேலையைச் செய்துவிட்டார், நன்றி.

இதோடு 'மந்தன்' சேர்த்துக்கொள்ளுங்கள். குஜராத் பால் கூட்டுறவு விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம். அவர்கள் காசில் அவர்களைப் பற்றிய படம். வேறு யாராக இருந்தாலும் ஊரே சேர்ந்து பால் கறந்து பாட்டுப் பாடி முடித்திருப்பார்கள். டெண்டுல்கரின் திரைக்கதையில் சங்கம் அமைக்க வந்த டாக்டர் ராவ் கடைசியில் ஊரைவிட்டுப் போகிறார். நல்லவர், படித்தவர், ஆனால் ஊரின் அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குப் புரிவதற்குள் மாற்றல் வந்துவிடுகிறது. சங்கத்தைத் தாங்கிப் பிடிப்பது போலா என்கிற கோபக்காரன். இந்தத் திரைக்கதைக்குத்தான் தேசிய விருது.

கவனியுங்கள், 'சாம்னா'வில் கூட்டுறவு என்பது ஒருவனுடைய சொந்த ராஜ்யம். ஓரிரு வருஷத்துக்குள் 'மந்தன்'. அதில் கூட்டுறவு என்பது ஏழைக்கு ஒரு வழி. இரண்டையும் ஒரே ஆள் எழுதினார், இரண்டிலும் பொய் சொல்லவில்லை.

வேல்முருகன்_வாசகன்:

எல்லாரும் கொண்டாடுகிறீர்கள், யாராவது 'கன்யாதான்' பற்றிப் பேசுவீர்கள் என்று காத்திருந்தேன். 1983 நாடகம். சோஷலிஸ்ட் அப்பா, சமூக சேவகி அம்மா, அவர்கள் பெண் ஜோதி ஒரு தலித் கவிஞனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவன் குடிக்கிறான், அவளை அடிக்கிறான், கர்ப்பமாக இருக்கும்போதும் அடிக்கிறான். தலித் இலக்கியம் மராத்தியில் பீறிட்டு வந்துகொண்டிருந்த காலத்தில், மேடையில் வந்த தலித் கவிஞன் இப்படி. எழுதியவர் பிராமணர். இதற்குத்தான் அவருக்கு 1993 சரஸ்வதி சம்மான். இதே நாடகத்துக்காகத் தன் மேல் செருப்பு வீசப்பட்டதையும் விருது வாங்கும்போது அவரே சொன்னார். வீசியவருக்குக் கோபம் வரக் காரணம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

புனேவாசி:

கோபம் நியாயம்தான். ஆனால் நாடகம் யாரைக் குறிவைக்கிறது என்பதில் நான் மாறுபடுகிறேன். அந்தக் கவிஞன் அருணின் புத்தகம் வெளிவருகிறது, மாமனார் நாத் அதைப் பற்றிப் பாராட்டிப் பேச வேண்டிய கட்டாயம். வீட்டில் பெண் அடிவாங்குகிறாள், மேடையில் இவர் மாப்பிள்ளையின் எழுத்தைப் புகழ்கிறார். வீட்டுக்கு வந்து ஜோதி கிழிக்கிறாளே, அப்பா, நீங்கள் மனதில் ஒன்று வைத்துக்கொண்டு ஒன்று பேசினீர்கள் என்று, அங்கே உடைவது அருண் இல்லை, நாத். மனிதர்களை மாற்றிவிடலாம் என்று மகளையே பரிசோதனைக்கு அனுப்பிய லட்சியவாதி.

வேல்முருகன்_வாசகன்:

அதையேதான் நானும் சொல்கிறேன். லட்சியவாதி உடைய வேண்டும் என்பதற்காகத் தலித் ஒருவன் மிருகமாக வேண்டியிருக்கிறது. நாத்துக்கு உள்ளே என்ன என்று காட்ட இரண்டு அங்கம் இருக்கிறது. அருணுக்கு உள்ளே? "என் அப்பா என் அம்மாவை அடித்தார்" என்கிற மாதிரி ஒரு விளக்கம், முடிந்தது. 'ஆக்ரோஷ்' லஹான்யா பேசவே இல்லை என்று பாராட்டினீர்கள். ஆதிவாசி என்றால் பேச மாட்டான், தலித் என்றால் பேசுவான், ஆனால் அடிப்பான். பேசிக்கொண்டே யோசிக்கிறவர்கள் யார் என்று பார்த்தால் 'ஆக்ரோஷ்' வக்கீல் குல்கர்ணி, நாத், இப்படித்தான் வருகிறது. எனக்கு அவர் பெரிய எழுத்தாளர்தான், இந்த இடத்தில் பார்வை எட்டவில்லை.

கறுப்புக்கோட்டு:

இதற்கு என்னிடம் பதில் இல்லை, இருக்கிற மாதிரி நடிக்கவும் போவதில்லை. 'காஷிராம் கோத்வால்' மட்டும் எதிர்ப்பக்கம் வைக்கிறேன், அதில் அடி முழுக்கச் சொந்தச் சாதிக்கு. பன்னிரண்டு பிராமணர்கள் மேடையில் வரிசையாக நின்று மனிதச் சுவராகிறார்கள், பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், அந்தச் சுவர் திறந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். காஷிராம் தன் மகளை பேஷ்வாக்களின் மந்திரி நானா ஃபட்னவீஸுக்குக் கொடுத்துவிட்டுப் புனேயின் கோத்வால், அதாவது நகரக் காவல் தலைவர், பதவியை வாங்குகிறான். வேலை முடிந்ததும் நானா அவனைக் கூட்டத்திடம் விட்டுவிடுகிறார். தமாஷா, தசாவதார், கேளே என்று மண்ணின் ஆட்டமெல்லாம் உள்ளே. ஜப்பார் படேல் டைரக்ஷன், பாஸ்கர் சந்தாவர்க்கர் இசை, மோகன் ஆகாஷே நானா. நாடகத்தைப் போட்ட சங்கமே 19 காட்சியோடு நிறுத்திவிட்டது, பையன்கள் வெளியே வந்து தியேட்டர் அகாடமி ஆரம்பித்து மறுபடி போட்டார்கள். 1980-இல் ஐரோப்பாவுக்குக் கிளம்பும்போதும் பெரிய ரகளை.

மூணாம்வரிசை:

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தகவல். 'காஷிராம்' 1976-இல் படமானது. யுக்த் ஃபிலிம் கோஆபரேட்டிவ் என்று புனே திரைப்படக் கல்லூரியில் படித்த பையன்கள் கூட்டாக எடுத்தது, மணி கௌல், சயீத் மிர்ஸா, கமல் ஸ்வரூப், கூடவே கே. ஹரிஹரன். அதே ஹரிஹரன்தான் பிறகு தமிழில் 'ஏழாவது மனிதன்' எடுத்தார். திரைக்கதை டெண்டுல்கர். காஷிராமாக ஓம் புரி.

ஆனால் ராஜி சந்தோஷப்படட்டும், இந்த ஒன்றில் நாடகம்தான் ஜெயிக்கிறது. மனிதச் சுவரை மேடையில் பார்ப்பவனுக்கு முழு வரிசையும் கண்ணில் இருக்கும், அது எப்போது திறக்கும் என்கிற பயம் இருக்கும். கேமரா எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பயம் போய்விடுகிறது.

ராஜி_உறையூர்:

சந்தோஷம்தான். ஆனால் நான் கேட்க வந்தது நாவல். எல்லாரும் அரை வரி அரை வரி என்கிறீர்கள், நாவலுக்கு இந்த இழையிலும் அரை வரிதான் கிடைத்திருக்கிறது.

புனேவாசி:

'காதம்பரி ஏக்' 1996, 'காதம்பரி தோன்' 2005. நாவல் ஒன்று, நாவல் இரண்டு என்றே பெயர். வயதாகிக்கொண்டு போகிற ஓர் ஆணின் காமக் கற்பனைகள்தான் சரக்கு. எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை என்று சொல்லிவிடுகிறேன். நாடகத்தில் எதிரே ஒருவர் உட்கார்ந்து மறுத்துப் பேசுவார், அந்த உரசலில்தான் இவர் எழுத்து எரியும். நாவலில் ஒரே தலைக்குள் உட்கார்ந்துவிட்டால் மறுத்துப் பேச ஆள் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் மற்றவர்கள் நாவலைக் கையில் கொடுத்தால் மனுஷர் பிரமாதப்படுத்துவார். 'சிம்ஹாசன்' அருண் சாதுவின் இரண்டு நாவல்களை ஒன்றாகப் பின்னியது. முதலமைச்சர் நாற்காலிக்கு நடக்கும் இழுபறி, தொழிற்சங்கம், கடத்தல்காரன், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அலைகிற நிருபர் திகூ. 'உம்பர்த்தா' சாந்தா நிஸலின் நாவல். ஸ்மிதா பாட்டீல் பெண்கள் காப்பகத்துக்கு வார்டனாகப் போகிறார், வீட்டையும் விட்டு. 'காஷிராம்' நாடகத்துக்கே 1863-இல் மோரோபா கான்ஹோபா எழுதிய பழைய நாவல் ஒன்று முன்னால் இருக்கிறது. 'அர்த் சத்யா' பன்வல்கரின் சிறுகதை. அடுத்தவர் உரைநடையைக் கொண்டுவந்து அதில் எங்கே உரசல் என்று கண்டுபிடிப்பது அவர் கைப்பழக்கம். தன்னுடைய உரைநடைக்கு அதைச் செய்ய ஆள் கிடைக்கவில்லை.

வேல்முருகன்_வாசகன்:

இந்தக் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடு. இதே காரணத்தால்தான் 'கமலா' எனக்கு அவருடைய நல்ல நாடகங்களில் ஒன்று. நிருபர் அஷ்வினி சரீன் நிஜமாகவே ஒரு பெண்ணை விலைக்கு வாங்கி, இப்படியும் நடக்கிறது என்று செய்தி எழுதினார் அல்லவா, அதிலிருந்து வந்தது. நாடகத்தில் நிருபர் அவளை வீட்டுக்குக் கூட்டிவருகிறார், வந்தவள் அவர் மனைவியிடம் வெள்ளந்தியாகக் கேட்கிறாள், "உங்களை என்ன விலைக்கு வாங்கினார்?" ஒரு கேள்வியில் வீடு இடிந்துவிட்டது. இங்கே அந்தப் பழங்குடிப் பெண் பேசுகிறாள், யோசிக்கிறாள், எஜமானியம்மாவுக்கும் தனக்கும் மாதத்தில் பதினைந்து பதினைந்து நாளாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று திட்டமே போடுகிறாள். இதை எழுதத் தெரிந்தவருக்கு இரண்டு வருஷம் கழித்து அருணை எழுதும்போது என்ன ஆயிற்று என்பதுதான் என் ஆதங்கம்.

ராஜி_உறையூர்:

சரி, படம் பக்கம் நான் இன்னும் முழுசாக வரவில்லை, ஆனால் 'சாம்னா'வும் 'சிம்ஹாசன்'னும் பார்த்ததில்லை. எதில் ஆரம்பிக்க?

புனேவாசி:

'சாம்னா'. ஆளே குறைவு, மராத்தி தெரியாவிட்டாலும் இரண்டு முகங்களைப் பார்த்தே பிடித்துவிடலாம். 'சிம்ஹாசன்' உட்காரும்போது ஒரு தாளில் மந்திரிகள் பெயரையும் யார் எந்தக் கோஷ்டி என்பதையும் எழுதிக்கொண்டே பாருங்கள், பாதிப் படத்துக்குள் இரண்டு பேர் கட்சி மாறியிருப்பார்கள்.